மரபும் முறையும்: புதிய உயிரியலின் தமிழ்ச் சொல்லாட்சி

உயிரியல் மனித வாழ்வை எவ்வாறு மாற்றக்கூடும் என்பது பற்றிய ஊக எழுத்துகளுள் முன்னோடியாகக் கருதப்படுவது, ஜே. பி. எஸ். ஹால்டேன் 1923இல் கேம்பிரிட்ஜில் நிகழ்த்திய 'டேடலஸ்' உரை. தாயின் உடலுக்கு வெளியே கரு முழுவளர்ச்சி பெறும் என்றும், அவ்வாறு தோன்றும் முதற் குழந்தையை 1951ஆம் ஆண்டு காணும் என்றும் அவர் அதில் எழுதினார். ஆண்டு பொய்த்தது, ஊகத்தின் திசை பொய்க்கவில்லை. 1957இல் இந்தியாவிற்குக் குடிபெயர்ந்து 1964இல் புவனேசுவரத்தில் மறைந்த அவர், அடுத்த பதினாயிரம் ஆண்டுகளில் மனித இனம் அடையக்கூடிய மாற்றங்கள் குறித்து 1962இல் இலண்டன் கருத்தரங்கொன்றில் கட்டுரை வழங்கினார். அதே ஆண்டுகளில் அவருடைய மாணவர் கிருஷ்ண திரோணம்ராஜு ஆந்திர மாநிலத்தில் ஆராய்ந்தது உறவுக்குள் நிகழும் மணங்களை. பதினாயிரம் ஆண்டைப் பேசியவரின் ஆய்வுக்கூடம், மாமன் மருமகள் என்னும் உறவுமுறைச் சொற்களின் வாயிலில் வந்து நின்றது எனலாம்.

தமிழில் இத்தகைய ஊகங்கள் நாளிதழ் இணைப்புகளிலும் அறிவியல் நூல்களிலும் திரைப்படங்களிலும் பெருகியுள்ளன. அவற்றின் கருத்துகள் பெரும்பாலும் ஆங்கிலவழி வந்தவை. ஆதலின் கருத்தளவில் தனித்த திறனாய்வுக்கு அவை மிகுதியாக இடந்தருவதில்லை. ஆயின் சொற்கள் இங்கு ஆக்கப்பட்டவை. திருத்தம், குறைபாடு, கடத்தி, வாடகைத் தாய் என்பன போன்ற ஆக்கங்கள் பொருளுடன் ஒரு தீர்ப்பையும் ஏற்றிக்கொண்டு வருகின்றன. வாதம் தொடங்குமுன் கேட்பவர் செவியில் முடிவு விழுந்துவிடுகிறது. இக்கட்டுரை இச்சொற்களை மும்பைத் தமிழரை முன்வைத்து மதிப்பிட முயல்கிறது.

மும்பையை முன்வைத்தற்குக் காரணம் உண்டு. 'பம்பாய் இரத்த வகை' 1952இல் அந்நகரில் அறியப்பட்டது. மாட்டுங்காவிலிருந்து தாதரைக் கடந்தால் வரும் பரேலில், கே. இ. எம். மருத்துவமனையில், 1986 ஆகஸ்டு 6இல் மருத்துவர் இந்திரா இந்துஜா குழுவினர் முயற்சியால் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. கருவின் பாலறியும் சோதனைகளுக்கு எதிராக நாட்டில் முதன்முதலாகச் சட்டம் இயற்றியதும் (1988) மகாராட்டிரமே. மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் இணைந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்னும் உயிரணுச் சிகிச்சை 2023 அக்டோபரில் ஒப்புதல் பெற்று 2024 ஏப்ரலில் தொடங்கிவைக்கப்பட்டது. பிறர் ஊகமாகப் படித்தவை அந்நகரில் மருத்துவமனை வரிசைகளாகிவிட்டன.

அவ்வரிசைகளில் தமிழரும் நிற்கின்றனர். திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நாடித் தலைமுறைகளுக்கு முன்னர் வந்தோரின் வழியினர் தாராவியிலும், பாலக்காடு, தஞ்சைப் பகுதிகளினின்று எழுத்தர் பணிக்கு வந்தோர் வழியினர் மாட்டுங்காவிலும், பின்னர் இரு சாராரும் பிறரும் செம்பூரிலும் வாழ்கின்றனர். மருத்துவர் ஆங்கிலத்தில் எண்ணுவதை மராத்தியிலோ இந்தியிலோ கூற, அதனைக் குடும்பத்து இளையோர் மூத்தோர்க்குத் தமிழில் உரைப்பர். சென்னையில் ஒருமுறை பெயர்க்கப்படும் செய்தி தாராவியில் இருமுறை பெயர்க்கப்படுகிறது. சொல்லின் குறைகளும் இருமடங்காகத் தெரிகின்றன.

மரபு

'ஜீன்' என்னும் சொல்லை 1909இல் ஆக்கிய வில்லெல்ம் யோகான்சென், எக்கோட்பாட்டின் சாயலும் படியாத வெற்றுச்சொல்லாக அஃது இருத்தல் வேண்டுமென விரும்பினார். மராத்தியர் பிறத்தற்பொருள் தரும் வடமொழி வேரிலிருந்து 'ஜனுக்' எனப் புதுச்சொல் ஆக்கிக்கொண்டனர். இந்தியில் ஜீன் என்பதே வழக்கு. தமிழ்நாட்டில் நிலைபெற்ற 'மரபணு'வோ இரண்டு பழஞ்சொற்களின் கூட்டு. இரண்டும் முன்னரே பொருள் நிறைந்தவை.

'அணு'வால் வரும் மயக்கம் சிறியது. செம்பூரை அடுத்து அணுசக்தி நகரும், அதற்கப்பால் டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையமும் உள்ளன. அம்மையம் கதிர்வீச்சினால் விதைகளில் மாற்றங்களைத் தூண்டி டி.ஏ.ஜி. 24 முதலிய நிலக்கடலை வகைகளை உருவாக்கியது. எனவே அங்கு அணுவும் மரபணுவும் உண்மையிலேயே சந்தித்திருக்கின்றன. சொல்லாக்கத்தார் இச்சந்திப்பை எண்ணியிருக்க வழியில்லை.

'மரபு' தரும் மயக்கம் பெரிது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலுக்கு மரபியல் என்று பெயர். இன்றைய பாடநூல்களில் உயிரியலின் ஒரு துறைக்கும் மரபியல் என்றே பெயர். முன்னது பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று என உயிர்களின் இளமைக்கு வழங்கும் பெயர்களையும் ஆண்பாற் பெண்பாற் பெயர்களையும் ஓரறிவு முதல் ஆறறிவு ஈறான பகுப்பையும் கூறுவது. அங்கு மரபு என்பது சான்றோர் வழங்கிவந்த வழக்கு; மக்கள் வழங்கினால் உண்டு, கைவிட்டால் இல்லை. பின்னதில் அது மக்கள் விருப்பத்தைச் சாராத வேதியியல் வரிசை. ஒரே சொல் இவ்விரண்டையும் தாங்குவதால், பண்பாடு இரத்தத்தில் ஓடுகிறது என்னும் பொதுநம்பிக்கைக்கு அறிவியல் முத்திரை இலவசமாகக் கிடைத்துவிடுகிறது.

இதற்குத் தெளிவான சான்று 2011இல் வெளிவந்த '7ஆம் அறிவு' திரைப்படம். பல்லவ இளவரசராகக் காட்டப்பெறும் போதிதருமரின் மருத்துவமும் போர்க்கலையும் நோக்குவன்மையும் வழித்தோன்றல் ஒருவனின் டி.என்.ஏ.வில் உறங்குவதாகவும், மரபணுத் துறை மாணவி அவற்றை எழுப்புவதாகவும் கதை செல்கிறது. கற்ற கலை கருவழி இறங்குவதில்லை. ஐம்பதுக்கு மேற்பட்ட தலைமுறைகள் கடந்தபின் ஒரு மூதாதையின் டி.என்.ஏ.வில் எஞ்சுவது ஒன்றுமில்லை என்னுமளவிற்குச் சிறிது. பிழை இதுவன்று, புனைகதைக்கு அவ்வுரிமை உண்டு. அரங்கில் அக்கதை வினாவின்றி ஏற்கப்பட்டதற்குப் பாதிப் பணியை 'மரபு' என்னும் சொல் முன்னரே முடித்துவைத்திருந்தது என்பதே கருதத்தக்கது. தலைப்பும் மரபியலின் ஆறறிவுப் பகுப்பின் மேல் ஒன்றைக் கூட்டியதே. இக்கதை ஆங்கிலத்திற் சொல்லப்பட்டிருப்பின் இத்துணை எளிதாக நின்றிராது.

திரையரங்கில் தீங்கற்ற இம்மயக்கம் மருத்துவமனையில் அவ்வாறு இருப்பதில்லை. நெக்ஸ்கார்19 சிகிச்சையில், நோயாளியின் இரத்தத்திலிருந்து எடுத்த டி-செல்களில் புதிய மரபணு ஒன்றைச் செலுத்தி, அவற்றை மீண்டும் அவருடலுக்கே திருப்பித் தருகின்றனர். அம்மாற்றம் அவரோடு முடிவது, பிள்ளைகளுக்குச் செல்லாது. ஆயின் 'மரபணுச் சிகிச்சை' என்று சொன்னவுடன் கேட்பவர் காதில் விழுவது மரபு, அதாவது வழிவழி வருவது. தன் வமிசத்தில் கைவைக்கிறார்களோ என்று ஒரு தாய் தயங்கினால் அத்தயக்கத்தைக் கல்வியின்மை எனக் கொள்ளலாகாது. அவர் சொல்லை அதன் நேர்பொருளிற் கேட்டிருக்கிறார். இவ்விடத்தில் 'மரபு' நீக்கி 'செல் சிகிச்சை' என்பதே செம்மை.

இலங்கைத் தமிழில் இத்துறை 'பிறப்புரிமையியல்' எனப்படுகிறது. உரிமை என்னும் கூறு மரபினும் விரிவானதொரு வாதத்தை உள்ளே கொணர்கிறது. கருவிலேயே பண்புகளைத் தெரிவுசெய்யும் காலம் வரின், பிறப்புரிமை எவருடையது, பெற்றோரதா பிறப்பவரதா, என்னும் வினா கொழும்புப் பாடநூலின் அட்டையிலேயே எழுதப்பட்டிருக்கும். ஆக்கியோர் கருதாத பொருத்தம் இது.

விகாரமும் திருத்தமும்

டி.என்.ஏ. வரிசையில் நேரும் மாற்றத்தைத் தமிழ்நாட்டார் திடீர்மாற்றம் அல்லது சடுதிமாற்றம் என்பர். இலங்கையார் விகாரம் என்பர். பேச்சுவழக்கில் விகாரம் அருவருப்பைக் குறிப்பதால் அது தகாத சொல் என ஒதுக்குவோர் உளர். இலக்கணம் பயின்றோர் அவ்வாறு ஒதுக்க இயலாது. தோன்றல், திரிதல், கெடுதல் என நன்னூல் வகுக்கும் மூன்று விகாரங்களும், எழுத்து மிகுதல், ஓரெழுத்து மற்றொன்றாதல், எழுத்து மறைதல் என மூலக்கூற்று உயிரியலார் கூறும் மூவகை மாற்றங்களோடு ஒத்துச் செல்கின்றன. அரிவாள் செல் இரத்தசோகை ஓரெழுத்துத் திரிதலால் வருவது. பிரிவினைக்குப்பின் செம்பூர் முகாமில் குடியமர்ந்த சிந்தி மக்களிடையே தலசீமியாவிற்குக் காரணமாக அடிக்கடி காணப்படும் மாற்றம், 619 எழுத்துகள் ஒருங்கே கெடுதல். பொன் + குடம் பொற்குடமாவதையும் மரம் + வேர் மரவேராவதையும் எவரும் பிழையென்று கூறுவதில்லை. அவை புணர்ச்சியின் இயல்பு. இலக்கண விகாரத்தில் தீர்ப்பில்லை, மாற்றத்தின் விளக்கமே உண்டு. எனவே அச்சொல் கெட்டது பேச்சு வழக்கில்தான்.

இதற்கு மாறாகத் தீர்ப்பு முழுவதையும் சுமப்பது 'மரபணுத் திருத்தம்'. ஆங்கில மூலத்தில் உள்ளது பதிப்பாசிரியர் செய்யும் பணியின் பெயர். திருத்தம் என்றவுடன் திருத்தப்படுவது பிழை என்றாகிறது. 2018 நவம்பரில் சீனத்தின் ஹெ சியான்குயி கருநிலையில் மாற்றப்பட்ட இரட்டைப் பெண்குழந்தைகளைப் பற்றி அறிவித்தபோது, அவர் மாற்றிய மரபணு பிழையான ஒன்றன்று. பெரும்பாலோர்க்கு இயல்பாய் இருப்பது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் நோக்குடன் இயல்பானதை மாற்றிய அச்செயலையும் 'திருத்தம்' என்று தமிழில் எழுதின், உலகம் கண்டித்த செயலுக்குத் தமிழ் நற்சான்று வழங்கியதாகும். பயிர்த்துறையிலும் இது காணக்கிடக்கிறது. பி.டி. கத்தரிக்காய் 2010இல் நிறுத்திவைக்கப்பட்ட காலத்திலிருந்து 'மரபணு மாற்றம்' ஐயத்திற்குரிய சொல்லாயிற்று. 2022இல் ஒருசார் புதிய முறைகளுக்கு விதிவிலக்கு அளிக்கப்பட்டபின் அவை 'திருத்தம்' என்னும் பெயருடன் வந்தன. இரு முறைகளுக்கும் தொழில்நுட்ப வேறுபாடு உண்டு என்பது மெய்யே. ஆயினும் உழவர் பார்வையில் ஒன்று வசை, மற்றது வாழ்த்து.

பதிப்பு என்பது என்னவென்று தமிழர்க்குக் கற்பிக்க வேண்டியதில்லை. சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏடுகளை ஒப்பிட்டபோது வேறுபட்ட பாடங்களைப் பிழையென அழிக்கவில்லை. சாமிநாதையர் அவற்றை அடிக்குறிப்பிற் காத்துவைத்தார். எது பாடவேறுபாடு, எது ஏடெழுதினோர் பிழை என்று பிரித்தறிவதே பதிப்பாசிரியரின் கடன். மொழியியலாரும் கிளைமொழியை வழு என்று கூறுவதில்லை. தாராவியின் நெல்லைத் தமிழையும் மாட்டுங்காவின் பாலக்காட்டுத் தமிழையும் 'கொச்சை' என்று ஒதுக்காத துறை, உடலின் எழுத்துகளில் காணும் வேறுபாட்டை மட்டும் 'குறைபாடு' என்று பெயர்க்க எவ்வாறு ஒப்பியது என்பது விளங்கவில்லை. 'மரபணுப் பதிப்பு' என்பது காதுக்குப் புதிதாயினும் நேர்மையான சொல். அது வழங்காதெனின் 'மாற்றம்' போதும்.

பம்பாய் இரத்த வகை இவ்வகையில் நல்ல பாடம். ஒரு மரபணு செயலற்றுப்போனதால் அவ்விரத்தத்தில் எச் எனப்படும் காரணி இல்லை. அதையுடையோர் நலமாகவே வாழ்கின்றனர். குருதி ஏற்ற வேண்டியவிடத்து அவ்வகையினர் குருதியே வேண்டும், அவ்வளவே. இதனைத் தமிழ் இதழ்கள் 'அரிய இரத்த வகை' என்றே எழுதுகின்றன. இழப்பால் நேர்ந்ததாயினும் பெயர் மதிப்புடன் அமைந்துவிட்டது. (நகரம் 1995இல் மும்பையாயிற்று, இரத்தம் பம்பாயாகவே நிற்கிறது.) தலசீமியாவின் ஒற்றைப் பிரதியை உடைய பெண்ணும் பெரும்பாலும் நலமாகவே வாழ்பவர். அவருக்கு வாய்த்த பெயரோ 'கடத்தி'. நோய்க்கடத்தி என்பது மலேரியா கொசுவிற்கும் வழங்கும் சொல். கடத்தல் என்னும் தொழிற்பெயருக்கு மும்பைத் தமிழர் வரலாற்றில் வேறொரு பொருளும் உண்டு என்பதை இவண் விரிக்க வேண்டியதில்லை.

வாடகை

'வாடகைத் தாய்' பற்றிச் சுருங்கக் கூறலாம். மூலச்சொல்லுக்குப் பொருள் பதிலி. இந்தி வழக்கில் வாடகைக்கு விடப்படுவது கருப்பை. தமிழில் தாயே வாடகைப் பொருளாகிவிட்டாள். 2021ஆம் ஆண்டுச் சட்டம் பொருள்பெற்றுச் சுமப்பதைத் தடைசெய்து, மருத்துவச் செலவும் காப்பீடும் தவிரப் பிறிதொன்றும் பெறாத முறையை மட்டுமே ஏற்கிறது. சட்டப்படி இன்று வாடகை இல்லை; எனினும் அச்சட்டத்தைப் பற்றிய தமிழ்ச் செய்திகளே 'வாடகைத் தாய்ச் சட்டம்' என்று தலைப்பிடுகின்றன. பெயர் பிழைத்தால் பெயரை மாற்றலாம் என்பதற்குச் சட்டத்துறையிலேயே முன்மாதிரி உண்டு. 1994ஆம் ஆண்டுப் பேறுகாலமுன் சோதனைச் சட்டத்தின் தலைப்பில் முறைகேடான பயன்பாட்டைத் தடுத்தல் என்றிருந்தது, 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பால் தெரிவைத் தடைசெய்தல் என்றாயிற்று. அதற்கு முன் உச்சநீதிமன்றம் சென்றோருள் மும்பையின் செஹாட் அமைப்பும் ஒன்று. நடந்தது முறைகேடன்று, தெரிவே என்பதைத் தலைப்பு ஒப்புக்கொள்ளச் சில ஆண்டுகள் ஆயின.

முறையும் பொருத்தமும்

இதுகாறும் கண்டவை புதிதாக ஆக்கிய சொற்களின் இடர்ப்பாடுகள். பழஞ்சொல் ஒன்று புதிய அறிவைக் குறுக்கே நின்று மறிப்பது உறவுமுறையில்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மணங்களுள் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்டவை உறவுக்குள் நிகழ்ந்தவை. திராவிட உறவுமுறை, உடன்பிறந்த ஆண்பெண் இருவரின் மக்களை முறையுடையோர் என்றும், உடன்பிறந்த இரு ஆண்களின் அல்லது இரு பெண்களின் மக்களை அண்ணன் தங்கையர் என்றும் பிரிக்கிறது. மாமன் மகள் முறைப்பெண். சித்தி மகள் தங்கை. மரபியல் இப்பிரிவை அறியாது. அதன் கணக்கில் இருவரும் எட்டில் ஒரு பங்கு பகிர்வோர். அக்கா மகளோ நான்கில் ஒரு பங்கு. தமிழ் மிகக் கூர்மையாக வேறுபடுத்தும் இரண்டை உயிரியல் ஒன்றாக்குகிறது. தமிழ் 'முறை' என்று ஒன்றாக்கும் மாமன் மகளையும் அக்கா மகளையும் உயிரியல் இரண்டாக்குகிறது.

இனி, பெயர்ப்புச் சங்கிலியைக் கருதுக. மருத்துவரின் படிவத்தில் உள்ள ஆங்கிலச் சொல்லுக்கு முறையும் தெரியாது, தங்கையும் தெரியாது. அதை இந்தியிற் கூறுவோர் பெரியப்பன் மகன் முதல் அத்தை மகள் வரை அனைவரையும் அண்ணன்-தங்கை வரிசையில் அடக்குவர். மராத்தியில் மாமன் மகள் 'மாமேபஹீண்'; அவளை மணக்கும் வழக்கம் மராத்தியர் பலரிடம் உண்டெனினும் சொல்லுக்குள் 'பஹீண்', அதாவது உடன்பிறந்தாள், இருக்கிறாள். இவ்வினா தாராவித் தமிழரிடம் 'நீங்கள் அண்ணன் தங்கை உறவா' என்று வந்து சேரின், அத்தை மகனை மணந்த பெண் 'இல்லை' என்பார், சினமும் கொள்ளக்கூடும். அவர் கூறியது பொய்யன்று. விடை பொருளியல்படி முற்றிலும் சரி, மருத்துவப்படி முற்றிலும் தவறு. பிறக்கப்போகும் குழந்தைக்குரிய சோதனை அவ்வொரு சொல்லில் தவறிப்போகிறது.

'சொந்தத்தில் திருமணமா' என்று பொதுவாகக் கேட்பதும் போதாது. பங்காளி வீடும் சொந்தம், ஊரார் பாதியும் சொந்தம். தாய்மாமனையா, மாமன் மகனையா, அத்தை மகனையா என்று உறவைப் பெயர்சொல்லிக் கேட்பதொன்றே வழி. அதிலும் கிளைமொழி அறிதல் வேண்டும். மாட்டுங்காவின் மூத்தோரிடம் அம்மாஞ்சி, அத்தங்கா என்று கேட்டால் உடன் விடை கிடைக்கும். மாமன் மகனுக்கும் அத்தை மகளுக்கும் அங்குத் தனிப்பெயர்கள் உண்டு. படிவம் பெயர்ப்போர் பொதுத்தமிழின் தூய்மையைக் கருதி இவற்றை விலக்குவாராயின், மாட்டுங்காவில் மதிக்கத்தக்க செய்தியொன்றை இழப்பர்.

எதிர்காலம் இங்குதான் தொடங்குகிறது. மணத்திற்கு முன் இருவர் மரபணுக்களையும் ஒப்பிடும் வழக்கம் சில சமூகங்களில் வந்துவிட்டது. நியூயார்க்கில் 1983இல் தொடங்கப்பட்ட தோர் யெசோரிம் என்னும் யூத அமைப்பு, சோதிக்கப்பட்டவர்க்கு ஓர் எண்ணை மட்டும் தருகிறது. இரு எண்களைக் கூறி வினவினால் பொருந்தும் அல்லது பொருந்தாது என்பதே விடை. எவர் எதனை உடையவர் என்று தனியே அறிவிப்பதில்லை. இதற்கு உரிய தமிழ்ச்சொல் தேடவேண்டியதில்லை; 'பொருத்தம்' நெடுங்காலமாகக் காத்திருக்கிறது. அச்சொல்லின் நன்மை, அது இருவரைப் பற்றியது என்பது. கடத்தி ஒரு பெண்மேல் ஒட்டும் பெயர். அப்பெயருடன் அவள் அடுத்த வரனையும் எதிர்கொள்ள வேண்டும். பொருந்தாமை எவரையும் ஒட்டுவதில்லை. தலசீமியா போன்று இருபாலும் கூடினாலன்றி வெளிப்படாத நோய்களுக்கு உயிரியல் உண்மையும் அதுவே. ஆகவே இங்குப் பழஞ்சொல் புதுச்சொல்லினும் துல்லியமானது.

ஆயின் பொருத்தம் காரணம் கூறாத சொல். சாதகத்தைப் பார்த்து 'பொருந்தவில்லை' என்பவரிடம் ஏனென்று கேட்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஆய்வுக்கூடத்தின் விடையும் அக்குரலிலேயே கேட்கப்படும் என்பது எதிர்பார்க்கத்தக்கது. அவ்வாறாயின் அறிவியல் வருவதாகச் சொல்லப்பட்ட இடத்தில் இன்னொரு சோதிடம் வந்து அமர்ந்ததாகும். சொல்லை வைத்துக்கொண்டு, அதனடியில் காரணத்தையும் பேச்சுத்தமிழில் எழுதிக்கொடுப்பது பெயர்ப்போர் செய்யத்தக்கது. தாராவியில் முடிவைக் கேட்க வந்திருக்கும் இணையரிடம் அது ஏறத்தாழ இவ்வாறு அமையலாம்: "உங்க ரெண்டு பேருக்கும் சீக்கு எதுவும் கிடையாது. ஒரே மாதிரி மாற்றம் ஒண்ணு ரெண்டு பேர் உடம்பிலயும் இருக்கு, அவ்வளவுதான். உங்களுக்குப் பொறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தச் சீக்கு வர்றதுக்கு நாலுல ஒரு வாய்ப்பு, வராம இருக்க நாலுல மூணு வாய்ப்பு. அதை முன்கூட்டியே பார்க்கச் சோதனை உண்டு. பார்க்கணுமா வேண்டாமாங்கறது உங்க முடிவு."